ஜோடிக் குற்றம்

உலகத்தில் கோபுரத்தால் பெயர் பெற்ற நகரங்கள் உண்டு. துறைமுகத்தால் பெயர் பெற்றவை உண்டு. ஆனால் நொண்டி நடப்பதை ஒரு நாகரிகமாக வளர்த்தெடுத்த நகரம் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் நகரசபை தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்ட விஷயம் இது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழுந்து நின்று கைதட்டிய உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒரு பக்கமும் மீதிப்பேர் மறுபக்கமும் சாய்ந்து நின்றார்கள். மற்றபடி கருத்து வேறுபாடு எதுவும் இல்லை.

எங்கள் ஊர் செருப்புத் தைக்கும் ஊர். இடக்கால் செருப்பைத் தைப்பவர்கள் இடச் சங்கத்தார். வலக்கால் செருப்பைத் தைப்பவர்கள் வலச் சங்கத்தார். இடச் சங்கத்தார் தெருவில் ஒரு செருப்பு வாங்கிக்கொண்டு, வலச் சங்கத்தார் தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வெளியூர் வியாபாரி ஒருவர், "ஏங்க, ஒரே ஆளு ரெண்டையும் தைச்சா என்ன?" என்று கேட்டுவிட்டார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஊர் எல்லை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தோம்.

இது தொழில் விஷயம் மட்டுமல்ல, தெய்வ விஷயம். தேவி இந்த உலகத்தைப் படைத்து முடித்ததும் அதில் முதல் அடி எடுத்து வைத்தாள். எந்தக் காலை எடுத்து வைத்தாள்? இடது என்பது எங்கள் மதம். வலது என்பது அவர்கள் மதம். முன்பு மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. தேவி இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரே குதியாகக் குதித்தாள் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் 'குதிப்புக்காரர்கள்' என்று பெயர். அவர்கள் இப்போது இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

அவரவர் தேவியின் காலுக்கு மரியாதை செய்யும் விதமாக, அந்தக் கால் செருப்பின் குதியை மட்டும் இரண்டு விரற்கடை உயர்த்திக்கொள்வார்கள். அதனால் இடச் சங்கத்தார் வலப்பக்கம் சாய்வார்கள். வலச் சங்கத்தார் இடப்பக்கம் சாய்வார்கள். அதோடு, ஒரு சங்கத்தின் அளவு இன்னொரு சங்கத்துக்குத் தெரியக் கூடாது. நாங்கள் விரலால் அளப்போம். அவர்கள் கோயிலில் வைத்திருக்கும் ஒரு முடிச்சுக் கயிற்றால் அளப்பார்கள். ஆகவே ஒரு செருப்பு இறுக்கும், மற்றது கழலும். நடந்தால் 'டக்... சரக்' என்று கேட்கும். இந்த ஓசைக்கு 'நகர நடை' என்று பெயர். மாடிப்படிகளைக்கூட இதற்குத் தகுந்தபடி ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் கட்டியிருக்கிறோம். எலும்பு வைத்தியர் சங்கம் இரண்டு கோயிலுக்கும் ஒரே அளவு நன்கொடை கொடுக்கிறது. மத நல்லிணக்கத்துக்கு அவர்களைப் போல் உழைத்தவர்கள் இல்லை.

இனி உறவுமுறை. வீடு, தொழில், தெய்வம் மூன்றையும் தருபவள் தாய். இடச் சங்கத்துப் பெண் பெற்ற பிள்ளைகள் எல்லாம் இடம். இடச் சங்கத்தார் அனைவரும் ஒரே மூதாய் வழியில் உடன்பிறந்தவர்கள் என்பதால் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. வலச் சங்கத்தில்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். மாப்பிள்ளை பகலெல்லாம் தன் அக்கா வீட்டில் வேலை செய்வார், அக்கா பிள்ளைகளை வளர்ப்பார். மாலையில் மனைவி வீட்டுக்கு வந்து போவார். எங்கள் சட்டத்தில் தகப்பன் என்பது உறவு அல்ல. 'வருகை' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உறவு என்றால் அது தாய்மாமன்.

என் அப்பாவும் அப்படித்தான். பகலில் அத்தை வீட்டில் வலது செருப்புத் தைப்பார். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, இடது செருப்புத் தைக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். இருவரும் மழை வருமா வராதா என்று பேசிக்கொள்வார்கள். இப்படி நகரம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இடமும் ஒரு வலமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டும், இத்தனை தலைமுறையாக ஒரு ஜோடிச் செருப்புகூட உருவாகவில்லை. இதைவிடப் பெரிய கட்டுப்பாட்டை எந்த ஊராவது காட்டட்டும், பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு வந்த சோதனைதான் என் தங்கை சிட்டு.

சிட்டுவுக்கு நகர நடை வரவில்லை. எழுந்தால் விழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டுத் தலைவியும் இடச் சங்கத் தலைவியுமான பெரியம்மா அவளை எலும்பு வைத்தியரிடம் காட்டினாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. வளர வளர வலி பழகிடும்" என்றார் வைத்தியர்.

"எப்ப பழகும்?" என்று அம்மா கேட்டாள்.

"உங்களுக்குப் பழகலையா?"

அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "பழகிடுச்சு" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றார் வைத்தியர்.

ஒரு நாள் பிற்பகலில் பெரியம்மா பட்டறையின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தோலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதோ ஓடியது. எங்கள் தெருவில் யாரும் ஓடுவது கிடையாது. நாய்கள்கூட நிதானமாகத்தான் போகும்.

"யாருடி அது ஓடுறது? வெளியூர்ப் பிள்ளையா?"

நான் எட்டிப் பார்த்தேன். "சிட்டு, பெரியம்மா" என்றேன்.

பெரியம்மாவின் கையிலிருந்து மெழுகு நழுவியது. சிட்டு தெருமுனை வரை ஓடி, அங்கிருந்த கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். விழவில்லை. சாயவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அரை நாழிகைக்குள் எலும்பு வைத்தியர் வந்துவிட்டார். மாமா சங்க அலுவலகத்திலிருந்து விரைந்து வந்தார். விரைந்து என்றால் எங்கள் ஊர் அளவில். மாமா சங்கத்தின் செயலாளர். சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். அவர் முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தினார்.

"நட கண்ணு, பார்க்கலாம்" என்றார் வைத்தியர்.

சிட்டு சுவரிலிருந்து சுவர் வரை நடந்தாள். டக், டக், டக், டக். வைத்தியர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சரக் எங்கே?" என்றார்.

"அதான் டாக்டர், சரக் வரலையே!" என்று பெரியம்மா கையைப் பிசைந்தாள்.

"இது நேர்நடை. நான் படிச்சிருக்கேனே தவிர நேர்ல பார்த்ததில்லை. தாய்வழியில யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"எங்க குடும்பத்துலயா? பரம்பரை பரம்பரையா ஒழுங்கா நொண்டினவங்க நாங்க! வேணும்னா எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"வலி இருக்கா பாப்பா?"

"இல்ல."

"இடுப்புல?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்லவே இல்ல."

வைத்தியரின் முகம் வாடிவிட்டது. எலும்பு வைத்தியர் சங்கத்தின் எதிர்காலத்தை நினைத்திருப்பார். சட்டென்று அவருக்கு ஒன்று தோன்றியது. "செருப்பைக் கழட்டு" என்றார்.

சிட்டு கழற்றினாள். வைத்தியர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குதி ஒரே உயரம். நீளம் ஒரே நீளம். தையல்கூட ஒன்றைப் பார்த்து ஒன்று தைத்தது போல் வளைந்திருந்தது. இரண்டும் நெடுநாள் பிரிந்திருந்து சேர்ந்தவை மாதிரி ஒட்டி நின்றன. பெரியம்மா தன் முந்தானையை எடுத்து அவற்றை மூடினாள். பிள்ளைகள் பார்க்கக் கூடாத காட்சி அல்லவா?

"யார் குடுத்தது இது?" என்றார் மாமா.

"அப்பா."

"எந்த அப்பா?"

"நம்ம அப்பா."

"'நம்ம' எல்லாம் மாமாவுக்குத்தான் சொல்லணும். அப்பாவுக்கு 'வர்ற அப்பா'ன்னு சொல்லணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வர்ற அப்பா."

"அளவு எப்படி எடுத்தாரு?"

"என் காலை உள்ளங்கையில வச்சுப் பார்த்தாரு. அப்புறம் முத்தம் குடுத்தாரு."

"இடது காலுக்குமா?" என்றாள் பெரியம்மா.

"ரெண்டுக்கும்."

பெரியம்மா உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வைத்தியர் விசிறினார்.

எங்கள் சட்டத்தில் இதற்கு 'ஜோடிக் குற்றம்' என்று பெயர். குற்றம் உறுதியானால் செருப்புகளைக் கண்டதுண்டமாக வெட்டிவிட வேண்டும். தைத்தவரின் 'வருகை' ரத்தாகும். அதாவது, அப்பா இனி எங்கள் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. எங்களைத் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். மாமா இதை மனப்பாடமாகச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது!

அம்மா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். "அண்ணா, அவர் வராம எப்படி?" என்றாள்.

"வேற வருகை பார்த்துக்கலாம்மா. வலச் சங்கத்துல ஆளா இல்ல?"

அம்மாவின் ஊசி விரலில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கக்கூட இல்லை. மாமாவுக்குத் தங்கை என்றால் உயிர். "சரி சரி, அழாதே. மச்சானை நான் காப்பாத்தறேன். எங்கிட்ட விடு" என்றார். ஊரில் மாமா காப்பாற்றி யாரும் காப்பாற்றப்படாமல் போனதில்லை.

இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒரே மண்டபத்தில் கூடியது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மண்டபத்துக்கு ஒரே ஒரு வாசல் இருந்தது. எந்தக் காலை முதலில் வைத்து நுழைவது என்பதில் முற்பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார்கள். எனக்குப் பேசும் வழக்கம் கிடையாது. அதனால் என்னை எல்லாக் கூட்டத்துக்கும் அனுமதிப்பார்கள். நான் ஒரு தூணின் பின்னால் நின்றுகொண்டேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சிட்டு வெறுங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பெரியம்மா. மற்றதில் வலச் சங்கத் தலைவி. அவள் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. இருவரும் பல வருடங்களாக ஒருவரையொருவர் பார்த்தால் எதிர்ப்பக்கம் துப்புகிறவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு நடுவில், ஒரு முக்காலியின் மேல், துணி போட்டு மூடிய அந்த ஜோடி இருந்தது. கீழே அப்பா நின்றார்.

முதலில் அத்தைதான் ஆரம்பித்தாள். "டேய் தம்பி, உனக்குத் தைக்கணும்னு கை அரிச்சா என் பிள்ளைங்களுக்குத் தைக்க வேண்டியதுதானே? உன் சொந்த ரத்தம் அங்கே காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இங்கே வந்து என்ன வேலை உனக்கு?"

"அவங்களுக்கும் தைச்சேன் அக்கா. வலதுதான்" என்றார் அப்பா.

"அப்ப இந்த இடது?"

"மத்தியானம் நீங்க எல்லாம் தூங்கும்போது."

வலச் சங்கத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் கூரையின் கீழ், அவர்கள் ஊசியால், ஓர் இடது!

"ஏன் தைச்சீங்க?" என்று பெரியம்மா கேட்டாள்.

"பிள்ளை வலிக்குதுன்னு அழுதா."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "எல்லாப் பிள்ளையும்தான் அழுவுது!" என்று ஒருவர் கத்தினார். "எம்பிள்ளை இப்பவும் அழுவுது, நான் ஏதாவது செஞ்சேனா?" என்று ஒரு தாய் எழுந்து நின்று கேட்டாள். அவளுக்குப் பலத்த கைதட்டல்.

எலும்பு வைத்தியர் எழுந்தார். "இது சாதாரணக் குத்தம் இல்லை. ரெண்டு காலும் ஒண்ணுன்னு நினைக்கிறவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்னு நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

அத்தை வெளிறிப்போனாள். "டேய், நீ தனியா இருக்கும்போது குதிப்பியா?"

"இந்த வயசுல எங்கக்கா குதிக்கிறது?"

"சின்ன வயசுல?"

"நான் குதிக்க நீங்கதானே கயிறு பிடிச்சீங்க" என்றார் அப்பா. அத்தை உடனே அடுத்த விஷயத்துக்குப் போகும்படி சபையைக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த விஷயம், ஜோடி யாருக்குச் சொந்தம் என்பது. எங்கள் ஊரில் எதுவும் அதன் தாயைத்தான் சேரும். ஆகவே செருப்புக்குத் தாய் யார் என்ற கேள்வி எழுந்தது. இது குறித்து நடந்த விவாதத்தின் ஆழத்தை என்னால் முழுமையாகச் சொல்ல முடியாது.

"தோல் மாட்டோடது. அதனால மாடுதான் தாய்."

"அந்த மாடு எந்தச் சங்கம்?"

"செத்துப்போச்சுங்களே."

"சாகுறதுக்கு முன்னாடி?"

"மாட்டுக்கு நாலு கால். எந்தப் பக்கம்னு வைக்கிறது?"

சபை திகைத்துப்போயிற்று. செருப்புக்குத் தாய் இல்லை. தாய் இல்லாத பொருளுக்கு வீடு இல்லை, சங்கம் இல்லை, தெய்வம் இல்லை. அப்படி ஒரு பொருளை வெட்டும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கு? வெட்டியே ஆக வேண்டும், ஆனால் யார் வெட்டுவது?

அந்த நேரத்தில்தான் மாமா எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கள் வீட்டார் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பெரியோர்களே! தாய்மார்களே! ஒருத்தர் ஒரு குழந்தைக்குச் செருப்புத் தைக்கிறாருன்னா ஏன் தைக்கிறார்? பாசத்துல. பாசம் எங்கேருந்து வருது? உறவுலேருந்து. நம்ம சட்டப்படி தகப்பன் உறவா?"

"இல்லை!" என்றது சபை, இரண்டு பக்கமும் சேர்ந்து.

"அப்ப உறவு இல்லை. உறவு இல்லாததால பாசம் இல்லை. பாசம் இல்லாததால இவர் தைச்சிருக்க முடியாது. தனக்கு யாருமில்லாத பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து செருப்புத் தைப்பாங்களா? நீங்க தைப்பீங்களா? நான் தைப்பேனா?"

"மாட்டோம்!"

"அதனால, இவர் இந்தச் செருப்பைத் தைக்கவே இல்லை!"

அப்படி ஓர் அறிவை நேருக்கு நேர் பார்க்கும்போது யாருக்கும் பேச்சு வராது. பிறகு பெரியம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப இதை யார் தைச்சது?"

மாமா துணியை விலக்கினார். "தாயும் இல்லை, தைச்சவரும் இல்லை. அப்படின்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் முதலில் புரிந்தது அத்தைக்குத்தான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சுயம்பு!" என்றாள்.

மண்டபமே எழுந்து நின்றது. தானாகத் தோன்றிய திருப்பாதரட்சை! எங்கள் ஊருக்குத் தேவி இறங்கி வந்திருக்கிறாள்! "வலது எங்க கோயிலுக்கு" என்றாள் அத்தை. "இடது எங்க கோயிலுக்கு" என்றாள் பெரியம்மா. இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. ஆனந்தத்தில் கட்டிக்கொள்ளப் போனார்கள். இருவரின் சாய்வும் இடித்ததால் முடியவில்லை.

பாக்கி இருந்தது ஒரு சின்னச் சடங்குதான். மாமாவின் வாதம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால், பிள்ளைக்கும் தனக்கும் ஒன்றுமில்லை என்று அப்பா தன் வாயால் சபையில் சொல்ல வேண்டும். சொன்னால் விடுதலை. வருகை தொடரும். சொல்லாவிட்டால் பழைய குற்றம் அப்படியே நிற்கும்.

"சொல்லுங்க மச்சான். 'இந்தப் பிள்ளை எனக்கு யாருமில்லை.' அவ்வளவுதான்" என்றார் மாமா.

அப்பா மாமாவைப் பார்த்தார். "அதைச் சொல்லித்தான் ஆகணுமா மச்சான்?"

"ஒரு வாக்கியம். காசா பணமா? சொல்லிட்டு சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்கு வாங்க."

"பிள்ளையை வெளியில அனுப்பிட்டுச் சொல்றேனே."

"எந்தப் பிள்ளைன்னு காட்டிச் சொல்லணும்ல? சட்டம்னு ஒண்ணு இருக்கே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிட்டுவின் காலை ஆட்ட விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா முக்காலியின் மேலிருந்த செருப்பைப் பார்த்து, "இந்தப் பிள்ளை எனக்கு யாருமில்லை" என்றார்.

"கேக்கலை!" என்றது வலப்பக்கத்துக் கடைசி வரிசை.

"இந்தப் பிள்ளை எனக்கு யாருமில்லை."

"எங்களுக்கும் கேக்கலை! அவங்களுக்கு மட்டும் சொன்னா எப்படி?" என்றது இடப்பக்கத்துக் கடைசி வரிசை. சம உரிமை விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அப்பா மூன்றாவது தடவை சொன்னார். இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. குரல் உடைந்துவிட்டதால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. சபை எழுத்தருக்கு அது வசதியாக இருந்தது.

சிட்டு அம்மாவின் மடியிலிருந்து இறங்கிப் போய் மாமாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மாமா, சபையில பொய் சொல்லலாமா?"

மாமா குனிந்து அவள் தலையைத் தடவினார். "சபையில சொன்னா அது பொய் ஆகாது கண்ணு. இங்கே சொல்றது எல்லாம் நிஜம்."

"நிஜமா?"

"நிஜம்."

சிட்டு தலையாட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

மணிகள் முழங்கின. இரண்டு பல்லக்குகள் வந்தன. இடது செருப்பு இடப்பக்கத் தெருவழியாகவும் வலது செருப்பு வலப்பக்கத் தெருவழியாகவும் புறப்பட்டுப் போயின. ஊரின் இரண்டு கோடியிலும் உள்ள இரண்டு கோயில்களில் அவற்றை நிறுவினார்கள். ஊர்வலச் செலவை எலும்பு வைத்தியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. முதல் நாளே நல்ல கூட்டம். இடுப்பு வலிக்காரர்கள் நெடுந்தூரம் நடந்து வந்து, அந்தச் சின்னஞ்சிறு செருப்பைக் கும்பிட்டுவிட்டு, அதே வலியோடு மனநிறைவாகத் திரும்பிப் போனார்கள்.

சிட்டுவுக்கு அவளுடைய பழைய செருப்புகளைப் போட்டுவிட்டார்கள். மண்டபத்திலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு தடவை விழுந்தாள். அழவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி நடந்தாள். டக்... சரக். தெருவில் நின்றவர்கள் எல்லாம் "பிள்ளைக்குச் சரியாயிடுச்சு போல" என்று பெரியம்மாவிடம் விசாரித்தார்கள். பெரியம்மா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு சின்ன விருந்து. மாமாவுக்கு மாலை போட்டார்கள். வைத்தியரும் வந்திருந்தார். விளக்கேற்றும் நேரத்துக்கு அப்பா வந்தார். விடுதலையானவர், வழக்கம்போல் வரலாம் என்று சபையே சொல்லியிருந்தது. ஆனாலும் வாசலிலேயே நின்றார். அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் கதவின் பின்னால் இருந்தேன். சிட்டுதான் வாசலுக்குப் போனாள்.

அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. நல்ல வீட்டுப் பிள்ளை புது ஆளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்.

"யார் வேணும் உங்களுக்கு?"

"சிட்டு, நான்தான்..." என்று ஆரம்பித்த அப்பா, அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டார். சபையில் மூன்று தடவை சொன்னதற்குப் பிறகு சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

"மாமா உள்ளே இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றாள் சிட்டு.

கூடத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பார்த்தீங்களா டாக்டர், ஒரே நாள்ல எப்படித் தேறிட்டா!" என்றாள். வைத்தியர் ஆமோதித்தார். மாமா கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

உண்மைதான். மற்ற ஊர்களில் ஒரு குழந்தையை நொண்ட வைக்க வேண்டுமானால் அதற்கு ஏதாவது விபத்து நடக்க வேண்டும். எங்கள் ஊரில் பாசமான ஒரு குடும்பம் இருந்தால் போதும்.